பள்ளிக்குப் போயிருக்கிறார்

ஒரு ரமலான் மாதத்து மாலையில் சித்தையன்கோட்டைக்குப் போயிருந்தேன். பாங்கு சொல்லச் சற்று நேரமிருந்தது. எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர், ராவுத்தர், "உட்காருங்க தம்பி. நோன்பு திறந்ததும் ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார்.

என்னுடன் வந்திருந்த உறவுப் பையன் என் காதோடு, "நோன்பு நம்ம சொல்லாச்சே, இவங்களும் சொல்றாங்களே?" என்றான். அது பெரியவரின் பேரன் காதிலும் விழுந்துவிட்டது. "அதைத்தான் நானும் சொல்றேன் அத்தா, சவ்முன்னு சொல்லுங்க" என்றான் அவன்.

பெரியவர் சிரித்தார். "ரெண்டு பேருமாச் சேர்ந்து என் வாயிலே இருக்கிற வார்த்தையைப் பிடுங்குறீங்களேப்பா!"

அந்தச் சிரிப்பு வெகுநாள் என்னை விடவில்லை. சொல்லுக்கு யார் சொந்தக்காரர்?

நோன்பு என்பது 'நோல்' என்னும் வினையிலிருந்து வந்தது. பொறுத்துக்கொள்ளுதல் என்று பொருள். தவம், விரதம் என்பவை அதன் உடன்பிறப்புகள். மார்கழியில் பாவை நோன்பு. ரமலானில் முப்பது நோன்பு. பசி பொறுப்பவர் யாராயிருந்தாலும் சொல் அவருக்குப் பொருந்துகிறது. தொழுகையும் அப்படியே. ஓதுவதும் அப்படியே: கோயிலில் தேவாரம் ஓதுகிறவர் ஓதுவார்; பள்ளிவாசலில் குர்ஆன் ஓதுகிறார்கள்.

இது இன்று நேற்று வந்த உறவல்ல. பழனிக்கு அருகே ஐவர்மலையில் 870-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. வரகுண பாண்டியன் காலத்தது. சமணத் தீர்த்தங்கரரான பார்சுவநாதரைப் 'படாரர்' என்கிறது அது. அதே காலத்தில் சிவன் கோயில் கல்வெட்டுகளிலும் இறைவன் படாரர்தான். 1578-இல் கொல்லத்தில் அச்சான தமிழ்க் கிறிஸ்தவ நூலின் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. தம்பிரான் என்றால் சைவ மடத்துத் துறவி நினைவுக்கு வருகிறாரல்லவா? 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், ராபர்ட் டி நொபிலி, காவி உடுத்துக் குரு, வேதம், பூசை என்று இந்த மண்ணின் சொற்களிலேயே தம் மதத்தைப் பேசினார்.

எல்லாவற்றிலும் நீண்ட பயணம் செய்த சொல் 'பள்ளி'. முதலில் படுக்கை, பிறகு மலைக்குகையில் கற்படுக்கை வெட்டித் தங்கிய சமண முனிவரின் இருப்பிடம். ராஜராஜ சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணிவர்ம பௌத்த விகாரமும் பள்ளி. பிறகு முஸ்லிம்களின் வழிபாட்டிடமும் பள்ளி. பிள்ளைகள் எழுத்தறியும் இடமும் பள்ளிக்கூடம்.

'இது எங்களுடையது' என்று ஒருவரும், 'இது எங்களுக்கு வேண்டாம்' என்று மற்றவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் என்ன ஆகும்? சொல் ஒன்றும் செத்துவிடாது. ஆனால் அடுத்த வீட்டுக்காரரின் பக்தியை அகராதியில்லாமல் புரிந்துகொள்ளும் வசதி போய்விடும். அது சிறிய நஷ்டமல்ல.

பாங்கு ஒலித்தது. பேரன் கஞ்சிக் கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தான். எங்கள் பையன் முதலில் தயங்கினான். பிறகு இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

புறப்படும்போது வாசலில் யாரோ வந்து, "அத்தா இருக்காங்களா?" என்று கேட்டார். உள்ளிருந்து ஒரு சிறுமி பதில் சொன்னாள்: "பள்ளிக்குப் போயிருக்காங்க."

எந்தப் பள்ளி என்று எங்கள் பையன் கேட்கவில்லை. அவனுக்கே புரிந்திருந்தது.