அருகிலுள்ள ஆஸ்பத்திரியை மக்கள் நம்புவதற்கு என்ன வேண்டும்?

வன்னியின் உட்கிராமங்களில் இருந்து காலை முதல் பஸ்ஸில் வவுனியாவுக்கும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கும் கிளினிக் கொப்பியுடன் புறப்படுகின்றவர்களை நான் பல ஆண்டுகளாகக் கண்டு வருகின்றேன். அவர்களில் பலருக்கு வீட்டிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்திலேயே பிரதேச வைத்தியசாலையோ ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு நிலையமோ இருக்கின்றது. அங்கும் வைத்தியம் இலவசம்தான். இருந்தும் ஒருநாள் கூலியை இழந்து தூரத்துக்குப் போகின்றார்கள்.

ஏன் கடந்து செல்கின்றார்கள்?

கேட்டால் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் ஒன்றுதான். "போனால் டொக்டர் நிப்பாரோ தெரியாது", "மருந்தை வெளியில வாங்கச் சொல்லுவினம்", "ஏதும் கேட்டால் ஏசுவினம்." 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஏற்பட்ட மருந்துத் தட்டுப்பாடும் வைத்தியர்கள் வெளிநாடு சென்றமையும் இந்த எண்ணத்தை இன்னும் இறுக்கின.

இதன் விளைவைச் சுமப்பவர்கள் ஏழைகளே. சலரோகம், உயர் குருதி அமுக்கம் போன்றவற்றுக்கு மாதம் தவறாமல் மருந்து எடுக்க வேண்டும். பயணச் செலவுக்குக் காசில்லாத மாதத்தில் மருந்து நின்றுவிடும். பின்னர் பாரிசவாதமோ சிறுநீரகப் பாதிப்போ வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகின்றார்கள்.

நம்பிக்கை ஏற்கெனவே இருக்கும் இடம்

எங்கள் மக்கள் அரச சுகாதார சேவையை முழுவதுமாக நம்பாதவர்கள் அல்லர். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்த சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் குடும்ப நல உத்தியோகத்தர் இன்றும் வீடு வீடாக வருகின்றார். கர்ப்பிணியைப் பார்க்கின்றார், பிள்ளையின் நிறையைக் கேட்டறிகின்றார், தடுப்பூசித் திகதியை நினைவூட்டுகின்றார். கதவைத் தட்டி வந்து பெயர் சொல்லி அழைக்கும் அவரை மக்கள் நம்புகின்றார்கள். ஆஸ்பத்திரியும் ஊரோடு இவ்வாறு பழகினால் அதே நம்பிக்கை அதற்கும் கிடைக்கும்.

ஊரும் ஆஸ்பத்திரியும் ஒரே மேசையில்

ஆரம்ப சுகாதார சேவையைப் பலப்படுத்துவதற்காக 2018இல் உலக வங்கியின் 20 கோடி டொலர் நிதியுதவியுடன் ஒரு திட்டம் ஆரம்பமானது. அதில் வைத்தியசாலையின் நண்பர்கள் குழுக்களும் பேசப்பட்டன. பல இடங்களில் நோயாளர் நலன்புரிச் சங்கங்கள் முன்னரே இருந்தன. குழுவின் பெயர் எதுவாக இருந்தாலும், அதில் யார் இருக்கின்றார்கள், எதைப் பேசுகின்றார்கள் என்பதே முக்கியம்.

எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் கூட்டம் வழமையாகக் காலை பத்து மணிக்கு நடக்கும். கூலி வேலைக்குச் செல்பவர் எவரும் வரமுடியாது. ஞாயிறு பின்னேரம் சனசமூக நிலையத்துக்கு மாற்றிய பிறகு ஆட்கள் வந்தார்கள். ஆண்கள் நிறைந்த சபையில் பெண்கள் வாய் திறக்கவில்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் தனியாகப் பேசியபோதுதான் மலசலகூடக் கதவுக்குக் கொழுக்கி இல்லை, பாலூட்ட மறைவான இடமில்லை, நோயை எல்லோருக்கும் கேட்கச் சத்தமாக விசாரிக்கின்றார்கள் என்ற குறைகள் வெளிவந்தன. இவற்றைத் திருத்தப் பெரிய பணம் தேவைப்படவில்லை.

அங்கே நடந்த இன்னொரு மாற்றம் ஒரு கரும்பலகை. வைத்தியர் நிற்கும் நாட்களும் இல்லாத மருந்துகளும் அதில் எழுதப்படுகின்றன. மருந்து இல்லை என்பதை முன்கூட்டியே சொன்னதால் மக்களின் கோபம் தணிந்தது. தாதியர் தரப்பும் பேசியது: இரவில் ஒருவரே கடமையில் நிற்பதை ஊரவர் அன்றுதான் அறிந்தார்கள்.

எல்லை

மக்கள் பங்களிப்பு என்பது வெற்றிடங்களை மூடி மறைக்கும் போர்வையாகிவிடக் கூடாது. நிரப்பப்படாத வைத்தியர் பதவியை எந்தக் குழுவாலும் ஈடுசெய்ய முடியாது. நன்கொடை சேர்ப்பதற்கும் அரசியல்வாதியை வரவேற்பதற்கும் மட்டும் கூடும் சங்கத்தால் நம்பிக்கை வளராது. சொன்ன குறைக்கு அடுத்த கூட்டத்தில் பதில் வரவேண்டும். முடியாததை முடியாது என்று காரணத்துடன் சொல்லவேண்டும்.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இத்தகைய சங்கம் உண்டா, அடுத்த கூட்டம் எப்போது என்று கிராம அலுவலரிடமோ குடும்ப நல உத்தியோகத்தரிடமோ கேட்டுப் பாருங்கள். சங்கம் இல்லையென்றால், அதைத் தொடங்கும்படி கேட்கும் உரிமையும் உங்களுடையதே.