இடக்கைப் பழக்கமும் குடிநோயும்

இடக்கைக்காரர்கள் எளிதில் குடிக்கு அடிமையாவார்கள் என்றொரு கருத்து உண்டு; அதற்கு ஒரு வரலாறும் உண்டு. உலகில் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர். தமிழில் வலக்கை 'சோத்துக்கை'; இடக்கையோ 'பீச்சாங்கை'. ஆராய்ச்சி தொடங்கும் முன்பே பேச்சுவழக்கு தீர்ப்பு எழுதிவிட்டது.

குடியையும் இடதையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கத்தின் பழைய தடம் காஞ்சிபுரத்தில் உண்டு. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' நாடகத்தில், மண்டையோடு ஏந்தித் திரியும் சைவத் துறவியான சத்தியசோமன் என்ற காபாலிகன் காஞ்சித் தெருக்களில் போதையில் திரிகிறான். கையிலிருந்த மண்டையோட்டைத் தொலைத்துவிட்டு, புத்த பிக்குதான் திருடினார் என்று சண்டையிடுகிறான். உண்மையில் அதைக் கவ்விப் போனது ஒரு நாய். காபாலிகரைப் போல மதுவை வழிபாட்டில் ஏற்ற தாந்திரிக மரபுகளுக்குப் பின்னாளில் வாமாசாரம், அதாவது இடநெறி என்று பெயர் வந்தது. சோழர் கால வலங்கை, இடங்கைச் சாதிப் பிரிவுகளைப் போல இதுவும் பெயரளவில்தான் 'இடம்'. எந்தக் கையால் வேலை செய்கிறார்கள் என்பதோடு தொடர்பில்லை.

மூளையின் இட, வலப் பாதிகளைப் பற்றிய அறிவியல் பின்னரே வந்தது. பேச்சை ஆள்வது பெரும்பாலும் மூளையின் இடப்பாதி என்று பிரான்சின் பால் புரோக்கா 1865இல் அறிவித்தார். இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கற்றை துண்டிக்கப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெர்ரி 1981இல் நோபல் பரிசு பெற்றார். அந்தக் கற்றையில் சுமார் 20 கோடி இழைகள். காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வையைப் பார்த்தவருக்கு இது எளிதில் விளங்கும்: குழித்தறியில் நெசவாளி ஒரு பக்கம், துணையாள் மறுபக்கம், உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா, ஒவ்வோர் ஊடையிலும் இரண்டும் கோத்துக்கொள்கின்றன. கரை தனியே, உடல் தனியே நின்றால் அது சேலை ஆகாது. மூளையும் அப்படித்தான்.

1973இல் பால் பாக்கன் என்ற உளவியலாளர், குடிநோயாளிகளிடையே இடக்கைக்காரர் அதிகம் என்று எழுதினார். குடி மூளையின் வலப்பாதியையே அதிகம் கெடுக்கிறது என்ற கருதுகோளும் எழுந்தது. இரண்டும் நிலைக்கவில்லை. குடியால் இரு பாதிகளும், குறிப்பாக முன்மடலும் சிறுமூளையும் சிதைகின்றன. 2011இல் கெவின் டென்னி என்ற ஆய்வாளர் 12 நாடுகளில் 27,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்தார். இடக்கைக்காரர்கள் சற்று அடிக்கடி குடிப்பது தெரிந்தது. அளவுமீறிக் குடிக்கிறார்கள் என்பதற்குச் சான்றில்லை.

குடிநோய்க்கான வாய்ப்பில் ஏறத்தாழப் பாதி மரபணு வழி வருவது. எந்த வயதில் தொடங்குகிறார்கள், எவ்வளவு எளிதில் மது கிடைக்கிறது என்பவையும் பெரிய காரணங்கள். காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா தமிழக முதல்வராக இருந்தவரை மதுவிலக்கைத் தளர்த்தவில்லை. 1971இல் அது தளர்ந்ததும் மது எளிதில் கிடைத்தது. ஆகவே இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையின் கையை அடித்து மாற்றுவதால் குடி தடுக்கப்படாது. அந்தக் கையை அதன் போக்கில் விடுங்கள். குடியிலிருந்து மீள விரும்புவோரும் அவர்கள் குடும்பத்தாரும் 14446 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.