அலைநிலத்தில் ஒரு மறுநடவு

ரப்பர்த் தோட்டத்தில் மறுநடவு நடப்பதைக் கண்டவர்க்கு ஓர் உண்மை எளிதில் விளங்கும். பழைய மரங்களை வெட்டிச் சாய்த்தாலன்றிப் புதிய கன்றுகளை நட இடம் கிடையாது. நட்ட கன்று பால் தருவதற்கோ ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அவ்விடைக்காலத்தில் அந்நிலத்தை நம்பியிருந்தவர்கள் வேறிடத்தில் வேலை தேட வேண்டும். அல்லது வருவாய் குறைந்து வாட வேண்டும். ஆதலால்தான் முன்யோசனையுள்ள நிருவாகம் தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் அழிப்பதில்லை. பகுதி பகுதியாகப் பிரித்து மறுநடவு செய்கிறது.

கைப்பேசிக் கட்டமைப்பின் வரலாறும் இத்தகையதே. இங்கு நிலம் என்பது கண்ணுக்குத் தோன்றாத வானொலி அலைவரிசை. கட்டமைப்பு புதுப்பிக்கப்படும் காலத்தில், காலையில் விரைந்தோடிய இணையம் மாலையில் நின்றுவிடுவதும், ஒரு வீட்டில் கிடைப்பது அடுத்த வீட்டில் கிடையாமற் போவதும் பலரும் பட்டறிந்தவை. சிலர் இதனைக் கருவியின் குறை என்பர். சிலர் நிறுவனத்தின் ஏமாற்று என்பர். சிற்சில இடங்களில் அவை உண்மையாகவும் இருக்கலாம். எனினும் அடிப்படைக் காரணம் வேறு. மலேசியாவில் 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் நிகழ்ந்த மாற்றத்தை ஆராயின், அக்காரணம் இன்னதென்பதும், அதன் சுமை யாருடைய தோளில் விழுந்தது என்பதும் தெளிவாகும்.

கம்பியும் அலையும்

சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்த கடலடித் தந்தி வடம் 1870, 1871-ஆம் ஆண்டுகளில் இடப்பட்டுப் பயனுக்கு வந்தது. கம்பி வழித் தொடர்பில் ஒரு வசதி உண்டு. செய்திகள் மிகுந்து ஒரு கம்பி போதாதாயின், அதன் அருகே மற்றொரு கம்பியை இடலாம். புதியது முற்றுப்பெறும் வரையில் பழையது தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும்.

அலைக்கு அவ்வசதி இல்லை. ஒரே இடத்தில், ஒரே அலைவரிசையில், ஒரே வேளையில் இருவேறு கட்டமைப்புகள் பேசப் புகுந்தால் ஒன்றை மற்றொன்று குலைத்துவிடும். ஆகவே அரசு அலைவரிசையை வரப்புக் கட்டிப் பிரித்து, இன்ன பகுதி இன்னாருக்கு என்று ஒதுக்குகிறது. அவ்வாறு ஒதுக்கிய நிலம் ஓர் அளவிற்கு உட்பட்டது. வேண்டியபோதெல்லாம் விரிவாக்க இயலாதது.

மலேசியாவில் 1985-ஆம் ஆண்டில் 'ஆத்தூர்' என்னும் பெயரால் முதற் கைப்பேசிச் சேவை தொடங்கிற்று. அது 450 மெகாஹெர்ட்சு அலைவரிசையில் இயங்கியது. பேச்சு ஒன்றே அதன் பணி. 1995-ஆம் ஆண்டளவில் எண்ணிலக்க முறையான இரண்டாந் தலைமுறை வந்தது. அதன் தொடக்க காலத்தில் கைப்பேசி வழியே அனுப்பக்கூடிய தரவு நொடிக்கு 9.6 கிலோபிட்டு அளவே. 2005-இல் மூன்றாந் தலைமுறையும், 2013-இல் நான்காந் தலைமுறையும் தொடர்ந்தன.

இவ்வரிசையில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. மூன்றாந் தலைமுறை வந்தபோது அதற்கென 2100 மெகாஹெர்ட்சில் புதிய நிலம் இருந்தது. காட்டைத் திருத்தித் தோட்டம் போட்டது போன்ற நிலைமை அது. பின்னர் வந்தவற்றிற்கு அத்தகைய வெற்று நிலம் போதிய அளவில் எஞ்சவில்லை. பழைய பயிரை எடுத்துவிட்டே புதியதை நட வேண்டியதாயிற்று. பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-ஆம் நாள் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டதற்கும் இதுவே ஒரு காரணம். அது விட்டுச் சென்ற 700 மெகாஹெர்ட்சு நிலம் கைப்பேசிக்குத் தேவைப்பட்டது.

ஒரே நிலத்தில் இரு பயிர்

இனி, மாற்றத்தின்போது வேகம் ஏன் தடுமாறுகிறது என்பதைக் காண்போம்.

மூன்றாந் தலைமுறைக் கட்டமைப்பு 5 மெகாஹெர்ட்சு அகலமுள்ள பாத்திகளில் இயங்குவது. ஒரு நிறுவனத்திடம் 15 மெகாஹெர்ட்சு இருப்பதாகக் கொள்வோம். அது மூன்று பாத்திகள். அவற்றுள் ஒன்றை நான்காந் தலைமுறைக்கு மாற்றினால், மூன்று பாத்திகளில் இருந்த பழைய பயனர்கள் இரண்டில் நெருக்கியடிக்க வேண்டும். புதிய பாத்தியிலோ, ஈரலைவாங்கி முறையில், எல்லாம் செவ்வனே அமைந்தாலும் நொடிக்கு ஏறத்தாழ 37 மெகாபிட்டே உச்ச அளவு. அதனையும் அக்கோபுரத்தின் கீழுள்ள அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 20 மெகாஹெர்ட்சு அகலம் முழுமையாகக் கிடைக்கும்போது அவ்வுச்சம் 150 மெகாபிட்டாக உயரும். ஆயினும் அந்நாள் வரும்வரை பழையதும் ஒடுங்கியிருக்கும், புதியதும் குறுகியிருக்கும்.

மூன்றாந் தலைமுறைக்கு மற்றோர் இயல்பும் உண்டு. பயனர் தொகை பெருகப் பெருக, கோபுரத்தின் வீச்சு உள்நோக்கிச் சுருங்கும். தொகை குறைந்தால் மீண்டும் விரியும். பொறியியலார் இதனை மூச்சுவிடுதலுக்கு ஒப்பிடுவர். பாத்திகள் மூன்றிலிருந்து இரண்டாகி, இரண்டிலிருந்து ஒன்றாகும்போது நெருக்கடி மிகும். வீச்சும் அதற்கேற்பச் சுருங்கும். காலையில் அலை எட்டிய வீட்டிற்கு, ஊரார் யாவரும் வேலை முடிந்து கைப்பேசியைக் கையிலெடுக்கும் மாலையில் அது எட்டாமற் போவதன் காரணம் இதுவே.

தொலைவும் ஒரு காரணம். நான்காந் தலைமுறையில், கோபுரத்திற்கு அண்மையில் அலை தெளிவாக இருப்பதால், ஒரு குறியீட்டில் ஆறு பிட்டுகளை ஏற்றி அனுப்பலாம். எல்லைப்புறத்தில் அலை மங்கிவிடுவதால் இரண்டே பிட்டுகள்தாம் ஏற்றலாம். எனவே ஒரே பாடத்தைப் பெற, தொலைவிலுள்ளவனுக்குக் கோபுரம் மும்மடங்கு நேரம் செலவிட வேண்டும். கோபுரங்கள் பெரும்பாலும் பட்டணங்களையும் நெடுஞ்சாலைகளையும் ஒட்டியே நின்றன. செம்பனைக் காட்டிற்கு அப்பால், மேட்டின் மறுபக்கத்தில் இருந்த குடியிருப்புகள் எல்லைப்புறமாகவே அமைந்தன. அடர்ந்த தழையும் ஈர மண்மேடும் அலையை மேலும் நலியச் செய்தன.

கோபுரத்தின் உச்சியில் புதிய கருவி பொருத்தப்பட்டாலும், அங்கிருந்து தரவைக் கொண்டுசெல்லும் வழி பழைய நுண்ணலை இணைப்பாகவே இருப்பின் பயன் சிறிதே. வாய் அகன்ற குடத்திற்குக் கழுத்து ஒடுங்கியிருந்தாற்போல, கைப்பேசித் திரையில் நான்காந் தலைமுறையின் குறி முழுமையாகத் தோன்றும். இணையம் மட்டும் நகராது. மேலும், வேலைக்காக ஒரு கோபுரம் சிலமணி நேரம் அணைக்கப்பட்டால் அதன் சுமை அண்டைக் கோபுரங்களின்மேல் விழும். அணைக்கப்பட்ட ஊரில் மட்டுமன்றி, வேலையே நடவாத ஊரிலும் வேகம் குறையும்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், இடைக்காலத் தடுமாற்றம் ஒரு மாயமன்று என்பது புலனாகும். அது முன்கூட்டியே அறியத்தக்க ஒரு விளைவு. அறியத்தக்கதாயின், மக்களுக்கு அறிவிக்கத்தக்கதும் ஆகும்.

இரு நிகழ்ச்சிகளின் சந்திப்பு

2020 மார்ச்சு 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. அலுவலகமும் வகுப்பறையும் ஒருங்கே வீட்டிற்குள் புகுந்தன. பட்டணங்களின் வேலையிடங்களைக் கருதித் திட்டமிடப்பட்ட கட்டமைப்பின்மேல், குடியிருப்புகளிலிருந்து எழுந்த தேவை வந்து மோதிற்று.

அவ்வாண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் 'ஜெண்டேலா' என்னும் தேசிய எண்ணிலக்கத் தொடர்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. மலாய்மொழியில் அச்சொல் சன்னல் எனப் பொருள்படும். மக்கள் வாழும் பகுதிகளில் நான்காந் தலைமுறையின் பரப்பை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காடாக உயர்த்துவதும், கைப்பேசி இணையத்தின் சராசரி வேகத்தை நொடிக்கு 25 மெகாபிட்டிலிருந்து 35 மெகாபிட்டாக ஆக்குவதும் 2022-ஆம் ஆண்டிறுதி வரையிலான அதன் இலக்குகளுட் சில. மூன்றாந் தலைமுறைக் கட்டமைப்பைப் படிப்படியாக அணைத்து, 2021 இறுதியில் முற்றாக நிறுத்துவதும் அத்திட்டத்தின் ஒரு கூறு.

முடிவு தவறானதன்று. மூன்றாந் தலைமுறை, தான் பிடித்திருந்த நிலத்திற்கு ஏற்ற விளைச்சலைத் தரவில்லை. அதே அகலத்தில் நான்காந் தலைமுறை மிகுதியாகத் தரவல்லது. பால் வற்றிய மரத்தை வைத்துக் காலங் கழிப்பது நன்றன்று. இரண்டாந் தலைமுறை பேச்சிற்காக அப்போது விட்டுவைக்கப்பட்டது.

ஆயின் காலத்தை நோக்குக. 2021 சனவரியில் பெரும்பாலான மாணவர்க்குப் பள்ளியாண்டு, வீட்டிலிருந்தே கற்றல் கற்பித்தல் என்னும் முறையிலேயே தொடங்கியது. இடையில் திறந்த பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டு, அக்டோபரில்தான் படிப்படியாகத் திறந்தன. நாட்டின் பிள்ளைகள் கைப்பேசி அலையை என்றுமில்லாத அளவிற்கு நம்பியிருந்த அதே ஆண்டில்தான், பழைய அலையும் ஒவ்வொரு பகுதியாக அணைக்கப்பட்டது.

பட்டணத்துப் பிள்ளைக்கு இதனால் பெருந்துன்பம் இல்லை. அவன் வீட்டில் கண்ணாடியிழை இணைப்பு இருந்தது. இல்லாவிடினும் நாற்புறமும் கோபுரங்கள் இருந்தன. ஒரே கோபுரத்தை நம்பிய ஊரின் கடைசி வரிசை வீட்டிலோ நிலைமை வேறு. நான்காந் தலைமுறை அலை மங்கலாய் இருந்த இடத்தில், இதுவரை கைப்பேசி மூன்றாந் தலைமுறைக்கு இறங்கி ஒருவாறு சமாளித்தது. அது அணைந்தபின் இரண்டாந் தலைமுறைக்கே இறங்க வேண்டியதாயிற்று. பேச்சு உண்டு; பாடம் இல்லை. பழைய கைப்பேசி வைத்திருந்த குடும்பத்திற்கோ, புதிய கோபுரம் அருகே எழுந்தும் பயனில்லை. அந்த அலையை வாங்கும் கருவி கையில் இல்லை.

சராசரி என்னும் திரை

திட்டங்கள் சராசரியால் அளக்கப்படுகின்றன. சராசரி உண்மையே கூறுகிறது. ஆனால் முழு உண்மையைக் கூறுவதில்லை. பத்து வீடுகளை எண்ணிக்கொள்க. ஐந்து வீடுகளில் நொடிக்கு 65 மெகாபிட்டு. ஐந்து வீடுகளில் 5 மெகாபிட்டு. கூட்டி வகுத்தால் 35. குறித்த இலக்கு எட்டப்பட்டது! முதல் ஐந்து வீடுகளின் வேகத்தை 85 ஆக உயர்த்தினால் சராசரி 45 ஆகிவிடும். பின் ஐந்து வீடுகளில் ஓர் அணுவும் அசைந்திராது. மலேசியாவில் 35 மெகாபிட்டு என்னும் இலக்கு பின்னர்க் கடக்கப்பட்டது என்பது பாராட்டத்தக்கதே. எனினும் அவ்வெண்ணை வைத்துக்கொண்டு கடைசி வீட்டின் கதையைச் சொல்ல முடியாது. அவ்வாறே, 96.9 விழுக்காடு என்னும் இலக்கு முழுமையாக நிறைவேறினும், எஞ்சும் 3.1 விழுக்காடு எங்கே வாழ்கிறது என்பது வேறொரு கேள்வி.

சிங்கப்பூர் இதே மாற்றத்தை வேறு வகையில் கண்டது. அங்கு இரண்டாந் தலைமுறையை நிறுத்தும் முடிவு 2015-இல் அறிவிக்கப்பட்டு, 2017 ஏப்ரலில் நிறைவேறிற்று. மூன்றாந் தலைமுறை 2024-இல்தான் விடைபெற்றது. சிறு தீவு, நெருங்கிய கோபுரங்கள், மலையும் காடும் மலேசியாவைப்போல் இடையிடுவதில்லை. ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாகாது. ஆனால் ஏறத்தாழ ஈராண்டு முன்னறிவிப்புத் தந்து, பிறகு அணைத்த ஒழுங்கு கருதத்தக்கது. மலேசியாவில் அறிவிப்பிற்கும் முடிவிற்கும் இடையில் இருந்தது பதினாறு மாதமே. அதுவும் பெருந்தொற்றின் நடுவில்.

வரும் தலைமுறைக்கு ஒரு பாடம்

2021 டிசம்பரில் புத்ராஜெயா, சைபர்ஜெயா, கோலாலம்பூர்ப் பகுதிகளில் ஐந்தாந் தலைமுறை தொடங்கிற்று. மூன்றாந் தலைமுறை அணைந்த அதே மாதம் அது. இன்று புதியதாய் நிற்பதும் ஒருநாள் பால் வற்றிய மரமாகும். அதன் இடத்திலும் மறுநடவு நடக்கும். அந்நாளில் மூன்று முறைகள் பின்பற்றத்தக்கன. எப்பகுதியில் எக்காலத்தில் வேலை நடக்கும் என்பதை மக்கள் மொழியில் முன்கூட்டிச் சொல்லுதல் ஒன்று. புதியது பால் தரும் வரையில், மாற்று வழியில்லாத இடத்தில் பழையதை வெட்டாதிருத்தல் மற்றொன்று. சராசரியோடு நில்லாமல், கோபுரத்திற்கு மிகத் தொலைவிலுள்ள வீட்டில், மாலைப் பொழுதில் அளந்து பார்த்தல் மூன்றாவது.

2021-ஆம் ஆண்டின் வகுப்புப் பதிவேடுகள் பள்ளிகளில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. அவற்றில், இணைய வகுப்பிற்கு வாராதவர் என்று குறிக்கப்பட்ட பெயர்கள் பல. பிள்ளை சோம்பலால் வரவில்லையா, அலை வராததால் வரவில்லையா என்பதை அப்பதிவேடு சொல்லாது. இரண்டிற்கும் ஒரே குறிதான் இடப்பட்டிருக்கிறது.