தாய்வழி நூல்

எங்கள் கொங்கு நாட்டில் புதிதாக ஒருவரைக் கண்டால், பேரைக் கேட்பதற்கு முன்னால் "எந்த ஊருங்க?" என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னதும், "அங்கே யாரு வீடுங்க?" என்பார்கள். அடுத்த கேள்வி வாய்க்குள்ளேயே நிற்கும்; அது என்ன கேள்வி என்று வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூர்வீகம் அறியும் இந்த ஆசை விஞ்ஞானிகளையும் விடவில்லை. அவர்கள் அந்தமான் தீவுவாசிகளிடம் போய்க் கேட்டார்கள்.

கேட்கத் தொடங்கியபோது பதில் சொல்ல ஆட்கள் குறைந்து போயிருந்தார்கள். 1858-ல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகளைக் குடியேற்றினர். அவர்களோடு நோய்களும் குடியேறின. 1877-ல் தட்டம்மை வந்து கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோயிற்று. ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர், 1961 ஜனத்தொகைக் கணக்கில் வெறும் 19 பேர். 2010-ல் போவா என்ற மூதாட்டி காலமானார். போ மொழி பேச அதன் பிறகு ஒருவரும் இல்லை.

மொழி போனால் என்ன, உடம்பில் ஒரு சரித்திரம் இருக்கிறதே! தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும் ஒரு மரபணுப் பகுதி உண்டு. மகள் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். மகனோடு அது நின்றுவிடும். திருப்பூர்க்காரனுக்கு இது எளிதில் விளங்கும். பனியன் துணியில் ஓர் இழையைப் பிடித்து இழுத்தால் வரிசை வரிசையாகப் பிரிந்துகொண்டே வருமல்லவா? அப்படித்தான் இதுவும். மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரௌன் 1906-க்கும் 1908-க்கும் இடையே சேகரித்து வைத்த தலைமயிரில்கூட அந்த இழை கிடைத்தது.

ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங்கும் குமாரசாமி தங்கராஜும் குழுவாக அதை ஆராய்ந்தனர். 2005-ல் அவர்கள் சொன்ன முடிவு இது: ஓங்கேகளிடமும் பெரிய அந்தமானியரிடமும் எம் 31, எம் 32 என்ற இரண்டு தாய்வழிகள் இருக்கின்றன, ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட ஆதி மனிதர்களின் கிளை இது, பல்லாயிரம் ஆண்டுகள் தனித்தே இருந்திருக்கிறது. பக்கத்துத் தீவான நிக்கோபாரின் மக்களோ தென்கிழக்காசியரின் உறவினர்.

மறு வருஷமே ஆட்சேபம் வந்தது. சீனத்து யூனானிலிருந்து ஆராய்ந்த பழனிச்சாமி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், எம் 31-க்கு உறவான கிளை மேற்கு வங்கத்து ராஜ்பன்ஷி மக்களிடம் இருப்பதைக் காட்டினர். அப்படியானால் தீவுக்கு ஆட்கள் போனது அவ்வளவு பழைய காலத்தில்தானா என்ற கேள்வி எழுந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. முடியாததில் எனக்கு வருத்தமும் இல்லை. தனித்தீவு என்று நினைத்த இடத்துக்கும் கரையில் சொந்தக்காரர் உண்டு என்பது நல்ல செய்திதானே?

இதைவிட முக்கியமான செய்தி 2009-ல் வந்தது. இந்தியாவின் 25 சமூகத்தாரை ஆராய்ந்ததில், பெரும்பாலோர் இரண்டு பழைய மக்களின் கலப்பு என்று தெரிந்தது. அவர்களில் தெற்கத்தி மூதாதையருக்கு ஓங்கேகள் தூரத்து உறவு. மேற்கிலிருந்து வந்த மற்றவரின் கலப்பு ஓங்கேகளிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது. இந்தக் கலப்பு ஏறக்குறைய 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்று 2013-ல் கணக்கிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நாம் சாதிக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வேலி போட்டுக்கொண்டோம்.

நொய்யல் கரையும் இதற்குச் சாட்சி. நம் பக்கத்துக் கொடுமணலில் 1985 முதல் தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளும் கல்மணிகளும் வந்தன. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்ப் பெயர்களோடு பிராகிருதப் பெயர்களும் இருக்கின்றன. அந்தக் காலத்திலும் இந்த ஆற்றோரத்துக்கு வெளியூர்க்காரன் தொழில் தேடி வந்துதான் இருக்கிறான்.

இன்று பனியன் கம்பெனிகளுக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். "வந்தேறிகள்" என்று முணுமுணுப்பவர்கள் ஊரில் உண்டு. அவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: "நீங்க எந்த ஊருங்க? அதுக்கு முன்னாலே?"