பொகவந்தலாவையில் உறங்கும் கமரூன் தம்பதியும் பெயர் தெரியாத நம் முதல் தம்பதிகளும்



சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த எல்லோருக்கும் கோல்புரூக் - கமரூன் சீர்திருத்தம் நினைவிருக்கும். அதில் வரும் கமரூன், நோர்வூட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்ச்சேரும் தூரத்தில், பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பக்கத்தில் அவருடைய மனைவி. நம்மில் பலருக்கு இது தெரியாது. பாடப்புத்தகத்தில் ஆணைக்குழு இருக்கிறது, ராஜகாரியம் ஒழிந்தது இருக்கிறது. அந்த மனிதர் நம் மலையில்தான் மண்ணுக்குள் போனார் என்பது இல்லை.

சார்ல்ஸ் ஹே கமரூன் பிறந்தது 1795இல். சட்டம் படித்தவர். 1830களின் தொடக்கத்தில் ஆணைக்குழு உறுப்பினராக இலங்கைக்கு வந்து நீதித்துறைச் சீர்திருத்தத்தை எழுதினார். பிறகு இந்தியாவில் பெரிய பதவி. 1838இல் கல்கத்தாவில் ஜூலியா மார்கரெட்டை மணந்தார். ஜூலியா கல்கத்தாவில் பிறந்தவர், கணவரைவிட இருபது வயது இளையவர்.

இலங்கையின் மலைக்காடு அப்போது எப்படிக் கைமாறியது என்பதையும் சொல்ல வேண்டும். 1833 முதல் முடிக்குரிய காணி ஏக்கருக்கு 5 ஷில்லிங் என்று விற்பனைக்கு வந்தது. 1840இல் வந்த சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுடைமை ஆக்கியது. துரைமாரும் அரசாங்க அதிகாரிகளுமே வரிசையில் நின்று வாங்கினார்கள். கமரூனும் வாங்கினார். சட்டம் எழுத வந்தவர் தோட்டக்காரரும் ஆனார். நமக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது, ஆனால் அந்தக் காலத்தில் அது விநோதமே இல்லை.

பின்னர் குடும்பம் இங்கிலாந்துக்குப் போய் வைட் தீவில் குடியிருந்தது. கவிஞர் டெனிசன் அவர்களுடைய அயலவர். நாற்பத்தெட்டு வயதில் ஜூலியாவுக்கு ஒரு கெமரா பரிசாகக் கிடைத்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் உலகம் பேசும் புகைப்படக் கலைஞர் ஆகிவிட்டார். டார்வினின் தாடி முகத்தை நாம் பாடப்புத்தகங்களில் பார்க்கிறோமே, அவரையும் ஜூலியா படம் பிடித்திருக்கிறார்.

ஆனால் கையில் காசு குறைந்துகொண்டே வந்தது. மகன்மார் இலங்கையில் இருந்தார்கள். கிழவருக்கோ இந்த மலைமேல் தீராத ஆசை. 1875இல், அவருக்கு எண்பது வயதில், இருவரும் கப்பல் ஏறினார்கள். வரும்போதே தங்கள் சவப்பெட்டிகளையும் கொண்டுவந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. வந்த நேரம் நல்ல நேரம் அல்ல. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பிச் செடியைத் தின்றுகொண்டிருந்தது. 1879 ஜனவரி 26இல், டிக்கோயாப் பள்ளத்தாக்கின் க்ளென்கேர்ன் தோட்டத்தில் ஜூலியா இறந்தார். அடுத்த வருடம் சார்ல்ஸ். ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884இல்தான். அவர்கள் இருந்த காலத்தில் இந்த மலைக்கு ஏறி வருவது எத்தனை பாடு என்று யோசித்துப் பாருங்கள்.

இலங்கையில் ஜூலியா எடுத்தவற்றில் இன்று தெரிந்திருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் தோட்டத்து ஆட்களும் இருக்கிறார்கள். வெற்றிலை போட்ட வாயும், சீலை முந்தானையும், நேராகப் பார்க்கும் கண்ணும். நம் பாட்டிமாரின் சாடை. டெனிசனைப் படம் எடுத்தபோது பெயர் எழுதிவைத்தவர், இவர்களுடைய பெயரை எழுதவில்லை. அவர் மட்டும் குற்றவாளி என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் யாருமே எழுதவில்லை.

க்ளென்கேர்னில் அந்த அம்மா கண்ணை மூடியதற்கு முந்தைய மூன்று வருடமும், 1876 முதல் 1878 வரை, தென்னிந்தியாவில் பெரும் பஞ்சம். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுப்பாதையில் நடந்து வந்தார்கள் நம் ஆட்கள். வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். கோப்பிக் காலத்தில் பெரும்பாலும் பறிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். தேயிலை அப்படியல்ல, கொழுந்துக்கு வருடம் முழுக்கக் கை வேண்டும், அதுவும் பெண்களின் கை. அதனால்தான் புருஷனும் பெண்சாதியுமாக லயக் காம்பராவில் குடியேறினார்கள். நம் மலையின் உண்மையான குடியேற்றத் தம்பதிகள் இவர்கள்தான்.

அமெரிக்காவில் 1862இல் ஒரு சட்டம் வந்தது. புல்வெளியில் குடியேறி ஐந்து வருடம் பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். அந்த மண்ணும் அங்கே முன்பே வாழ்ந்த செவ்விந்தியர்களிடம் பறித்ததுதான், அது வேறு கதை. ஆனாலும் அங்கே குடியேறிய தம்பதியின் கையில் ஓர் உறுதி இருந்தது. பேரப்பிள்ளை அதை வைத்துக் குடும்ப வரலாறு எழுதுகிறான். இங்கே காட்டை வெட்டியவர்களுக்குப் பிள்ளைகள் விட்டுப்போனது பெரட்டும் செக்ரோலும் கங்காணியின் கடனும்தான்.

இது வெறும் மனத்தாங்கல் அல்ல. 1948இன் குடியுரிமைச் சட்டம், உன் தகப்பன் இங்கே பிறந்தானா, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, காட்டு என்று கேட்டது. பிறப்பைப் பதிந்துவைக்க யாருமில்லாத சனத்திடம் கேட்ட கேள்வி அது. இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று எண்ணிப் பிரித்தார்கள். அந்த எண்ணிக்கையிலும் பெயர் இல்லை. இன்றும் ஏழு பேர்ச்சா பத்து பேர்ச்சா என்றுதான் பேச்சு நடக்கிறது.

நம் பஸார்க் கடைகளைத் திறந்த மூத்தவர்களின் கதையும் பெரிதாக வேறல்ல. மையவாடியில் மீஸான் கல் இருக்கும், பெயர் இருக்காது. முதலில் வந்தவர் எந்த ஊரிலிருந்து வந்தார், அவருடைய மனைவி யார் என்று கேட்டால் பெரியவர்களும் தலையைச் சொறிகிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் முதலில் இந்த மலைக்கு வந்த தம்பதியின் பெயர், வந்த ஊர், வேலை செய்த தோட்டம், டிவிஷன், தெரிந்த அளவில் கீழே எழுதுங்கள். பாட்டன் பெயரோடு நிறுத்தாமல் பாட்டியின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். பழைய செக்ரோல் துண்டு, பிறப்புச் சான்றிதழ், இந்தியக் கடவுச்சீட்டு ஏதும் பெட்டியில் கிடந்தால், கறையான் அரிக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் இந்த வார விடுமுறையிலேயே உட்கார்ந்து கேளுங்கள்.