கையடக்க விளையாட்டும் மலையகச் சிறுவரும்

வரலாறு என்றதும் மன்னரும் போரும் உடன்படிக்கைகளுமே பலர் நினைவுக்கு வரும். ஆயின், ஒரு மக்கட் கூட்டத்தின் பிள்ளைகள் எதனைக் கொண்டு விளையாடினர் என்பதும் வரலாறேயாகும். தோட்டத்துச் செக்ரோல் தொழிலாளியின் பேரையும் கொழுந்தின் நிறையையும் எழுதி வைத்தது; விளையாட்டை எழுத அதில் இடமில்லை. ஆகவே, அட்டன், நுவரெலியாப் பகுதி லயங்களில் வளர்ந்து இன்று நடுவயதை எட்டுவோர் அன்போடு நினைவுகூரும் ‘பிரிக் கேம்’ என்னும் சிறு பொறியின் கதை சொல்லத்தக்கது.

அதன் வேர் ஜப்பானில் உள்ளது. நின்டெண்டோ நிறுவனத்தைச் சேர்ந்த குன்பெய் யோக்கோய், ரயிற் பயணி ஒருவர் கணிப்பானின் பொத்தான்களை அழுத்திப் பொழுது போக்கியதைக் கண்டு கையடக்க விளையாட்டை எண்ணினார் என்பர். 1980இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ வெளிவந்தது. 1989இல் ‘கேம் போய்’ வந்தது. புத்தம்புது நுட்பத்தை நாடாமல், பழகி மலிந்த நுட்பத்தைப் புதுவழியிற் பயன்படுத்துவதே அவர் கொள்கை. போட்டியாளரின் வண்ணத் திரைகள் பற்றறியை விரைந்து விழுங்கின. நிறமற்ற கேம் போயோ நான்கு சிறு பற்றறிகளில் பல மணி நேரம் இயங்கிற்று. எளிமையே வென்றது.

கேம் போயுடன் உலகைச் சுற்றிய ‘டெட்ரிஸ்’ விளையாட்டை 1984இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் ஆக்கினார். நான்கு சதுரங்களால் ஆன ஏழு வடிவங்கள் மேலிருந்து இறங்கும். வரிசை நிரம்பினால் மறையும். இடைவெளி விட்டால் குவியும். 1990களில் இதனைத் தழுவிய மலிவான பொறிகள் சீனாவில் பெருகின. அவையே பிரிக் கேம். குறுக்கே பத்தும் நெடுக்கே இருபதுமாகச் சதுரங்கள், இரண்டு பற்றறிகள். ‘9999 விளையாட்டுகள்’ என்று முகப்பிற் பொறித்திருப்பினும், உள்ளே இருந்தவை சிலவே. வேகமும் படியும் மாறி எண்ணிக்கையைப் பெருக்கின.

1977இல் இலங்கையிற் புகுந்த திறந்த பொருளாதாரம் இத்தகைய பொருள்களுக்குக் கடைவாயிலைத் திறந்து விட்டிருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. பல லயங்களில் மின்சாரம் எட்டாத காலம். தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் பொறி அங்கு பயனற்றது. கம்பி வேண்டாத இப்பொறிக்கோ குப்பி லாம்பின் ஒளியே போதும். யோக்கோய் போற்றிய சிக்கனம், அவர் அறியாத மலைச்சரிவிற் பயன் தந்தது.

பொறி ஒருவனுடையது, ஆட்டம் லயத்துப் பிள்ளைகள் அனைவருடையது. ஒருவன் தோற்றால் அடுத்தவன் முறை. காத்திருப்போர் தோள்மேல் எட்டிப் பார்த்து, “திருப்பு, திருப்பு” என்று வழிகாட்டுவர். பற்றறி தளர்ந்தால் வெயிலில் வைத்து உயிர் தேடுவர். இன்று கைத்தொலைபேசியில் அவ்விளையாட்டு எளிதிற் கிடைக்கிறது. ஆயின் முறைக்குக் காத்திருக்கும் கூட்டம் கிடைப்பதில்லை. மலையகத்தின் வரலாற்றை எழுதுவோர், உழைப்பையும் உரிமைப் போராட்டத்தையும் எழுதுவதோடு இந்தச் சிறுவர் கூட்டத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குதல் வேண்டும். பெற்றோர் கொழுந்து பறித்த நாள்களில் பிள்ளைகள் மகிழ்ந்தும் இருந்தனர் என்பதற்கு அதுவே சான்று.