மூன்றாவது கை

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கோட்ஃப்ரீட் ரைஹே என்றொரு டிரம்பெட் வித்துவான் இருந்தார். பாஹ் அந்த ஊரில் இசை அமைத்த காலத்தில் டிரம்பெட் வாசித்தவர். 1727 வாக்கில் ஹவுஸ்மான் என்ற ஓவியர் வரைந்த அவருடைய படம் இன்றும் இருக்கிறது. ஒரு கையில் சுருட்டி வளைத்த பித்தளை வாத்தியம், மறு கையில் இசைத்தாள்.

அன்றைய டிரம்பெட்டுக்கு வால்வு கிடையாது. உதடும் மூச்சும்தான் சுரத்தை உண்டாக்கின. ஒரு கை பிடித்துக்கொண்டால் போதும், மறு கை சும்மாதான் இருந்தது. 1818இல் ஷ்டோல்ட்செல், புளூமெல் என்ற இருவர் பெர்லினில் வால்வுக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1838இல் பாரிஸில் பெரினே அதைத் திருத்தி இன்றைய பிஸ்டனைக் கொண்டுவந்தார். எல்லாச் சுரங்களும் கைக்கு வந்தன, ஆனால் சும்மா இருந்த கை போயிற்று. இடக்கை தாங்க, வலக்கை அழுத்த வேண்டும். பிரெஞ்சு ஹார்னில் இடக்கை வால்வின் மேல், வலக்கை வாத்தியத்தின் வாய்க்குள். டிரோம்போனில் எப்போதுமே ஒரு கை தாங்கும், மற்றது குழாயை இழுக்கும். அப்படியானால் பக்கத்தை யார் திருப்புவது?

பியானோக்காரருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து திருப்பித் தருவார். வயலினில் இருவருக்கு ஒரு ஸ்டாண்ட். உள்பக்கம் இருப்பவர் திருப்ப, மற்றவர் நிறுத்தாமல் வாசிப்பார். பித்தளை வாத்தியக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித் தாள், தனி ஸ்டாண்ட்.

அவரைக் காப்பாற்றியவர் நகல் எழுதுபவர். பிரெஞ்சில் 'கொப்பிஸ்த்' என்போம். நல்ல கொப்பிஸ்த், வாசிப்பவருக்கு ஓய்வு வரும் இடமாகப் பார்த்துத்தான் வலப்பக்கத்தை முடிப்பார். ஓய்வு குறைவாக இருந்தால் அடியில் 'வோல்தி சூபித்தோ' என்று எழுதுவார். சட்டென்று திருப்பு என்பது இத்தாலிய மொழியில் அதன் பொருள். நானும் பல வருஷம் சர்க்கார் கோப்புகளுக்கு நகல் எழுதியவன். படிப்பவருடைய கை எங்கே ஓயும் என்று யோசித்து நகல் எடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

அணிவகுப்பு பேண்டுக்கு வேறு வழி கண்டார்கள். வாத்தியத்திலேயே 'லயர்' என்ற சின்னக் கவ்வியை மாட்டி, உள்ளங்கை அகலத் தாளைச் செருகிவிடுவார்கள். ஒரு மார்ச் பெரும்பாலும் ஒரே தாளில் அடங்கிவிடும், திருப்பவே வேண்டாம்.

2010இல் ஐபேட் வந்தது. இசைத்தாளைத் திரையில் காட்டும் ஃபோர்ஸ்கோர் என்ற செயலியும் அதே வருஷம் வந்தது. புளூடூத் பெடலை மிதித்தால் பக்கம் திரும்பும். 2012இல் பிரஸ்ஸல்ஸ் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு, தாளை விட்டு டேப்லெட்டைப் பார்த்து வாசித்தது. கை போன இடத்தில் கால் வந்தது என்று சந்தோஷப்படலாம். உட்கார்ந்து வாசிப்பவருக்குச் சரி, நடந்துகொண்டே வாசிப்பவர் எதை மிதிப்பார்?

2020இல் அதே செயலி முகத்தைப் பார்த்துப் பக்கம் திருப்பக் கற்றுக்கொண்டது. தலையைத் திருப்பலாம், வாயைக் கோணலாம், கண்ணடிக்கலாம். பித்தளை வாத்தியக்காரருக்கோ வாய் மௌத்பீஸில் மாட்டியிருக்கிறது. தலையை ஆட்டினால் உதடு நகர்ந்து சுரம் கெடும். மிஞ்சியது கண் ஒன்றுதான். எதிரே நிற்கும் கண்டக்டர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்!

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தாளை விரித்தால் இரண்டு பக்கம் ஒன்றாகத் தெரியும். ஆகையால் கொப்பிஸ்த் வலப்பக்கத்தின் கடைசியில் மட்டும் ஓய்வு வைத்தால் போதும். அதையே ஸ்கேன் செய்து டேப்லெட்டில் ஒவ்வொரு பக்கமாகக் காட்டினால், திருப்ப வேண்டிய தடவை இரட்டிப்பாகிறது. இடப்பக்கத்தின் முடிவில் ஓய்வு இருக்க வேண்டும் என்று யாரும் யோசித்து எழுதவில்லை. மூச்சைப் பிடித்து ஊதும் நடுவில் பக்கம் முடிந்து நிற்கும். பெடல் திருப்பிவிடும், ஆனால் கண்ணுக்கு முன்கூட்டியே அடுத்த வரி வேண்டுமே. அதனால்தான் செயலிகளில் அரைப்பக்கம் திருப்பும் வசதி இருக்கிறது. கீழ்ப்பாதியை வாசிக்கும்போதே மேல்பாதியில் அடுத்த பக்கம் வந்து காத்திருக்கும்.

ரைஹேயின் காலத்துக்குப் பிறகு வாசிப்பவருக்கு மூன்றாவது கையாக இருந்தவர் அந்தக் கொப்பிஸ்த்தான். பெடலும் காமிராவும் சொன்ன நேரத்தில் திருப்பும். எங்கே திருப்பினால் வாசிப்பவருக்குச் சிரமம் இராது என்பதை ஒரு மனிதர்தான் முன்கூட்டி யோசிக்க வேண்டும். உங்கள் பேரப்பிள்ளைகள் யாராவது பள்ளி பேண்டில் டிரம்பெட் ஊதி, டேப்லெட்டில் பார்த்து வாசிப்பவர்களாக இருந்தால், ஸ்கேன் செய்து கொடுக்கும்போது ஓய்வு எங்கே வருகிறது என்று அவர்களையே கேட்டு, அந்த இடத்தில் பக்கத்தை முடித்துக் கொடுங்கள். சங்கீதம் தெரிய வேண்டியதில்லை, பொறுமை போதும். அது நம் வயசுக்காரர்களிடம் நிறையவே உண்டு.